பத்து எம்.எம். ரோப் என்று மட்டும் கேட்டு வாங்கியதன் விலை

சுமை தூக்கும் இரும்புக் கம்பி ரோப்பைச் சொல்கிறேன். கடையில் போய் "பத்து எம்.எம். ரோப், 35 மீட்டர்" என்று கேட்டால் தருவார்கள். ஏமாற்றாமல் பத்து எம்.எம். ரோப்தான் தருவார்கள். அப்படிக் கேட்டு வாங்கியதில் எட்டு மாதத்தில் 52,440 ரூபாய் போனது. கோவைப் பக்கம் ஒரு சின்ன ஃபவுண்டரி (இரும்பு வார்க்கும் பட்டறை). 3 டன் எலக்ட்ரிக் ஹாய்ஸ்ட் (சுமை தூக்கும் இயந்திரம்), நான்கு ஃபால் (ஒரே ரோப் நான்கு மடிப்பாக இறங்கிச் சுமையைத் தாங்கும்), 6 மீட்டர் லிஃப்ட். காலையில் மோல்டு பாக்ஸ் (வார்ப்பு அச்சுப் பெட்டி) தூக்கும், மதியத்துக்கு மேல் அதே ஹாய்ஸ்டில் லேடில் மாட்டி உருகிய இரும்பை ஊற்றுவோம். ஹாய்ஸ்டோடு வந்த ரோப் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதை மாற்றியபோது பழைய ரோப்பில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் வெர்னியரில் பிடித்துப் பார்த்தார், புரியை எண்ணினார், "ஆறுக்கு முப்பத்தாறு, பத்து எம்.எம்., மீட்டர் 92 ரூபாய்" என்றார். நடுவில் என்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் துண்டின் முனை கேஸில் உருக்கி வெட்டியது. எல்லாக் கம்பியும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்ததால் உள்ளே இருப்பது தெரிய வழியே இல்லை. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருவது அந்த உருகிய முனையை நினைத்துத்தான். இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு வெட்டு வெட்டியிருந்தால் போதும்.

ரோப் என்பது கம்பி, புரி, கோர் என்று மூன்று அடுக்கு. ஆறுக்கு முப்பத்தாறு என்றால் 36 கம்பி சேர்ந்து ஒரு புரி, அப்படி ஆறு புரி, மொத்தம் 216 கம்பி. இந்த ஆறும் எதைச் சுற்றி முறுக்கப்பட்டிருக்கிறதோ அது கோர். கடைக்காரர்களும் வாங்குகிறவர்களும் முதல் இரண்டைத்தான் பேசுவார்கள். ஆனால் ஆறு புரியும் ஒன்றோடொன்று உரசாமல், சுமை ஏறும்போதும் புல்லியில் வளையும்போதும் தன் தன் இடத்தில் நிற்பது கோர் முட்டுக்கொடுப்பதால்தான். புது ரோப்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் புரிக்கும் புரிக்கும் இடையே மயிரிழை இடைவெளி தெரியும். கோர் இளைத்தால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். அதன்பின் புரிகள் ஒன்றையொன்று அரம் போல அறுக்கும், அதுவும் வெளிமுதுகில் இல்லை, கண்ணுக்குப் படாத பள்ளத்தில்.

கோர் இரண்டு சாதி. ஒன்று ஃபைபர் கோர். கற்றாழை நார், ஹெம்ப், சணல் போன்ற இயற்கை நாராக இருக்கலாம், அல்லது பாலிபுரொப்பிலீனாக இருக்கலாம். பில்லிலும் சர்ட்டிஃபிகேட்டிலும் எஃப்.சி. என்று போடுவார்கள். இன்னும் விவரமாகப் போட்டால் இயற்கை நாருக்கு என்.எஃப்.சி., செயற்கைக்கு எஸ்.எஃப்.சி. இன்னொன்று ஸ்டீல் கோர். அதில் நம் மாதிரி ஹாய்ஸ்ட், கிரேன் ரோப்பில் வருவது ஐ.டபிள்யூ.ஆர்.சி., அதாவது நடுவிலேயே தனியாக ஒரு குட்டி ரோப். பெரும்பாலும் ஏழுக்கு ஏழு, 49 கம்பி. மெல்லிய ரோப்பில் குட்டி ரோப்புக்குப் பதில் ஒற்றைப் புரியையே நடுவில் வைப்பார்கள், அது டபிள்யூ.எஸ்.சி. கடையில் ஏழுக்கு ஏழு, ஏழுக்குப் பத்தொன்பது என்று கேட்பது இதுதான், ஆறு புரி வெளியே, ஒன்று உள்ளே. ஸ்டீல் கோரின் மேல் பிளாஸ்டிக் உறை ஏற்றியும் வருகிறது. வெளிப்புரியும் உள்கோரும் இரும்போடு இரும்பாக உரசாமல் இருக்க அந்த உறை. விலை கூடுதல், எங்கள் அளவு வேலைக்குத் தேவைப்படவில்லை.

நார் என்றதும் மட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நார்க் கோர் ரோப் கைக்கு இளக்கமாக வளையும், எடை குறைவு, தயாரிக்கும்போதே ஊற வைத்த எண்ணெயை உள்ளே சேமித்து வைத்து, புல்லியில் அழுந்தும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கட்டடங்களில் ஓடும் லிஃப்ட்களில் காலங்காலமாக எட்டுப் புரி, நடுவில் கற்றாழை நார் என்ற ரோப் போடுவது அதனால்தான். சுத்தமான இடம், சூடு இல்லை, ரோப் சுற்றும் உருளையான டிரம்மில் அடுக்கடுக்காகச் சுற்றுவதும் இல்லை. நார் சாகும் இடங்கள் வேறு: சூடு, நசுக்கல், தண்ணீர். கிணறு வெட்டும் கிரேனில் டிரம்மின் மேல் நாலு அடுக்கு ஏறும். மேலடுக்கு அழுத்தி அழுத்தி நார்க் கோர் ரோப் முட்டை வடிவமாகத் தட்டையாகிவிடும், அங்கே ஸ்டீல் கோர்தான் தாங்கும். தண்ணீரிலேயே கிடக்கும் ரோப்பில் இயற்கை நார் ஈரத்தைக் குடித்துவைத்து உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். அங்கே கால்வனைஸ் கம்பியும் பாலிபுரொப்பிலீன் அல்லது ஸ்டீல் கோரும் வேண்டும்.

எங்கள் விஷயம் சூடு. நார்க் கோர் ரோப் 100 டிகிரி செல்சியஸ் வரைதான், ஸ்டீல் கோர் 200 வரை தாங்கும், ஆனால் 100-ஐத் தாண்டினால் பலம் சுமார் 10 சதவீதம் குறையும் என்று கணக்கு வைக்க வேண்டும். ஊற்றும் இரும்பு 1,400 டிகிரி. லேடிலின் வாய்க்கும் ஹூக் பிளாக்குக்கும் (ஹூக்கும் அதன் புல்லிகளும் சேர்ந்த பாகம்) நடுவே ஒரு மீட்டர் கைப்பிடிதான். ஊற்றி முடிக்கும்வரை ஹூக் பிளாக் அந்த அனலின் நேர்மேலே நிற்கும். முதல் ரோப் போட்ட மூன்றாவது வாரமே ஹாய்ஸ்ட் ஆபரேட்டர் வந்து, "சார், ரோப்பு வேர்க்குதுங்க" என்றார். ஹூக் பிளாக்கில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "உள்ளே கிரீஸ் நல்லா இருக்குங்கண்ணா, வேர்க்கட்டும்" என்று பதில் சொல்லி அனுப்பினேன். அது தப்பு. கோரில் இருந்த எண்ணெய் சூட்டில் உருகி மொத்தமாக வடிந்துகொண்டிருந்தது. அவர் சொன்ன அன்றைக்கே ரோப்பை இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் டிரம் பக்கத்தில் சொட்டாமல் ஹூக் பிளாக்கில் மட்டும் சொட்டுகிறது என்பதே போதுமான துப்பு.

அடுத்து ஹூக் கீழே இறங்க ஆரம்பித்தது. புது ரோப் கொஞ்சம் நீளும், அது வழக்கம். புரிகள் கோரில் படிந்து உட்காரும்வரை ஸ்டீல் கோரில் கால் சதவீதம், நார்க் கோரில் அரை சதவீதம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 35 மீட்டருக்கு அரை சதவீதம் என்றால் பதினேழரை சென்டிமீட்டர், நான்கு ஃபாலில் பிரிந்தால் ஹூக் நாலரை சென்டிமீட்டர் தாழும். அத்தோடு நிற்க வேண்டும். எங்களுக்கு இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் என்று தாழ்ந்துகொண்டே போனது, ஹூக்கை எல்லையில் தானே நிறுத்தும் லிமிட் ஸ்விட்சைத் திருப்பித் திருப்பி வைத்தோம். படிந்து முடிந்தபிறகும் நீள்கிறது என்றால் கோர் இளைக்கிறது. அதை ரோப்பிலேயே பார்க்கலாம்: ஒரு புரியில் சாக்பீஸ் வைத்து, அதே புரி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும் இடத்தில் இன்னொரு குறி. பத்து எம்.எம். ஆறு புரி ரோப்பில் அந்தத் தூரம், அதாவது ஒரு முறுக்கு நீளம், 60 முதல் 65 மி.மீ. இருக்கும். புதிதில் எவ்வளவு என்று எழுதிவைத்திருந்தால் பின்னால் கூடுவது தெரியும். நாங்கள் எழுதிவைக்கவில்லை.

நாலாம் மாதம் புரிகளின் பள்ளத்தில் செந்தூள். குங்குமம் தடவியது மாதிரி இருக்கும், விரலில் ஒட்டும். மழைத் துரு என்று நினைத்து வேஸ்ட் ஆயிலை ஊற்றித் தேய்த்தோம். இதை எல்லா ஊரிலும் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். எரிந்த இன்ஜின் ஆயிலில் அமிலமும் இரும்புப் பொடியும் இருக்கிறது, அது ரோப்புக்கு மருந்தில்லை. கெட்டி கிரீஸை மேலே அப்புவதும் பிரயோஜனமில்லை, உள்ளே இறங்காது, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும், உடைந்த கம்பியை மறைக்கும். ரோப்புக்கென்று விற்கும் இளக்கமான, ஊடுருவும் ஆயிலை, ரோப் புல்லியில் வளைந்து புரி கொஞ்சம் விரியும் இடத்தில் பிரஷ்ஷால் விட வேண்டும், முதலில் கம்பி பிரஷ்ஷால் அழுக்கை எடுத்துவிட்டு. அந்தச் செந்தூள் வானத்திலிருந்து வந்த ஈரத்தால் ஆனது இல்லை. கோர் வற்றி, புரியும் புரியும் உரசி, உதிர்ந்த இரும்புப் பொடிதான் துருவாகி வெளியே வந்தது.

ஐந்தாம் மாதம் பள்ளத்தில் கம்பி உடைய ஆரம்பித்ததும் ரோப்பை மாற்றினோம். வெளிமுதுகில் உடைந்த கம்பிக்கு எண்ணிக்கைக் கணக்கு உண்டு, கொஞ்சம் பொறுக்கலாம். பள்ளத்தில் உடைந்தால் ஒரு முறுக்கு நீளத்தில் இரண்டு கம்பி போதும், ரோப்பைக் கழிக்க வேண்டியதுதான். கிரேன் ரோப்புக்கான சர்வதேச விதி ஐ.எஸ்.ஓ. 4309 அப்படித்தான் சொல்கிறது. மாற்றியதில் தவறில்லை. கழட்டிய ரோப்பைப் பிரித்துப் பார்க்காமல் துண்டு போட்டு ஸ்கிராப்பில் தள்ளியதுதான் தவறு. அதைவிட மோசம், ஆபரேட்டர் ஓவர்லோடு தூக்கியதால்தான் ரோப் போனது என்று முடிவுகட்டியது. "மூணு டன்னுக்கு மேல ஒரு நாளும் தூக்கலீங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், நம்பவில்லை. சரக்கையும் சூட்டையும் பார்க்காமல் ஆளைப் பார்த்தோம். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேர்க்கிறது என்று முதலில் சொன்னவரே அவர்தான்.

இரண்டாவது முறை அதே கடை. சீக்கிரம் போய்விட்டது என்றதும், "இது பிளாஸ்டிக் கோர், மக்காது, தண்ணி குடிக்காது" என்று நீலத் திரி தெரியும் ரோப்பைக் கொடுத்தார்கள், அதே 92 ரூபாய். மக்காது, தண்ணீர் குடிக்காது, இரண்டுமே உண்மை. ஆனால் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி சுமாருக்கு உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். இது மூன்றே மாதம். ஒரு காலை, 1.2 டன் மோல்டு பாக்ஸ் தரையிலிருந்து ஓர் அடி எழும்பியதும் ஒரு புரி அறுந்தது. பாக்ஸ் விழவில்லை, மீதி ஐந்து புரி பிடித்துக்கொண்டது. அறுந்த வால் டிரம்முக்குள் போய், ரோப்பை வரிசையாகச் சுற்ற வைக்கும் ரோப் கைடை இரண்டாகப் பிளந்தது. அன்று மதியம் அதே ரோப்பில்தான் உருகிய இரும்பு தூக்கியிருப்போம். அதை நினைத்து அன்று இரவு தூங்கவில்லை.

இந்த முறை ரோப்பைக் கழட்டித் தரையில் நீட்டிப் போட்டு, ஒவ்வொரு மீட்டராக வெர்னியர் வைத்தோம். அளப்பதில் ஒரு விஷயம்: எதிரெதிர் புரிகளின் முதுகின்மேல் பிடிக்க வேண்டும், பள்ளத்தில் பிடித்தால் அளவு குறைத்துக் காட்டும். ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை எடுத்துச் சராசரி. டிரம்மில் எப்போதும் அவிழாமல் இருக்கும் கடைசிச் சுற்றில் 10.3. மற்ற இடங்களில் 10.0. ஆனால் ஹாய்ஸ்டில் அசையாமல் பூட்டியிருக்கும் முனையிலிருந்து சுமார் 5 மீட்டரில் 9.3, 14 மீட்டரில், அதாவது புரி அறுந்த இடத்தில், 9.2. அந்த இரண்டு இடங்களுக்கும் பொதுவானது என்ன என்று யோசிக்க அரை மணி நேரம் ஆனது. ஊற்றும் உயரத்தில் ஹாய்ஸ்ட் நிற்கும்போது ஹூக் பிளாக்கின் இரண்டு புல்லியிலும் உட்கார்ந்திருக்கும் இடங்கள் அவை. ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் புரியை விரித்தால், மற்ற இடங்களில் நீலத் திரி நூல் நூலாக இருந்தது, இங்கே உருகி உறைந்து மெழுகுவர்த்தி அடிக்கட்டை மாதிரி கட்டி கட்டியாக, நடுநடுவே வெற்றிடம். முதல் ரோப்பில் இரண்டு மீட்டர் துண்டு ஒன்று கேஸ் சிலிண்டரைக் கட்டக் கிடந்தது. அதையும் பிரித்தோம். கருப்புப் பொடி கொட்டியது, கற்றாழை நார் கரியாகியிருந்தது. ஹாய்ஸ்டோடு வந்த ரோப்பின் துண்டைப் பிரித்தால் உள்ளே பளபளவென்று 49 கம்பி.

எந்த அளவில் கழிப்பது என்பதும் கோரைப் பொறுத்தது. அதே ஐ.எஸ்.ஓ. 4309-இல், ரோப் சீராக மெலிந்தால் நார்க் கோருக்கு 10 சதவீதம், ஆறு புரி ஸ்டீல் கோருக்கு 7.5 சதவீதம், சுமை தொங்கும்போது சுழலாதபடி செய்த ரோப்புக்கு 5 சதவீதம். புதிதில் 10.3 இருந்த பத்து எம்.எம். ரோப் என்றால் நார் 9.3-இல் சாகிறது, ஸ்டீல் 9.55-இல். கோர் எது என்றே தெரியாத ரோப் மாட்டியிருந்தால் 9.55-ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் மட்டும் ஒரு புரி உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தால் வெர்னியரே எடுக்க வேண்டாம், அது கோர் அங்கே இல்லை என்பதற்கான அடையாளம், கழட்டிவிடுங்கள்.

மூன்றாவது ரோப் வாங்கப் போனபோது தராசோடு போனேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இதைவிட நல்ல சோதனை தெரியவில்லை. பத்து எம்.எம். ஆறுக்கு முப்பத்தாறு, நார்க் கோர் என்றால் ஒரு மீட்டர் சுமார் 367 கிராம். ஸ்டீல் கோர் என்றால் 409 கிராம். கடையில் வெட்டுத்துண்டு எப்போதும் கிடக்கும், ஒரு மீட்டர் அளந்து எடை போட்டால் முனை உருகியிருந்தாலும் உண்மை வெளியே வரும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், வெளிப்புரி எப்படியும் இரும்புதானே. வேறு அளவு ரோப் என்றால் விட்டத்தை மி.மீ.-இல் வர்க்கம் செய்து, நார்க் கோருக்கு 3.67-ஆலும் ஸ்டீல் கோருக்கு 4.09-ஆலும் பெருக்குங்கள், மீட்டருக்கு கிராம் வரும். இது ஆறுக்கு முப்பத்தாறுக்கு மட்டும். பலமும் வேறுபடும்: 1770 கிரேடில் (கம்பியின் இழுவலிமை அளவு) பத்து எம்.எம். நார்க் கோர் அறுபடும் சுமை 58.4 கிலோநியூட்டன், ஸ்டீல் கோர் 63. சுமார் எட்டு சதவீதம். டன்னில் 5.95-க்கு எதிராக 6.42. எங்களைக் கவிழ்த்தது இந்த அரை டன் இல்லை, நான்கு ஃபாலில் ஒரு ஃபாலுக்கு 0.8 டன்தான் வருகிறது. ஆனால் ஹாய்ஸ்ட் கம்பெனி ஸ்டீல் கோரை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், நார்க் கோர் போட்ட கணமே அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

ஆர்டரில் இப்போது எழுதுவது இதுதான்: பத்து மி.மீ., ஆறுக்கு முப்பத்தாறு, ஐ.டபிள்யூ.ஆர்.சி., 1770 கிரேடு, வலது முறுக்கு, 35 மீட்டர், ரீல் எண்ணோடு டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் நகல். வாங்கியபோது மீட்டர் 112 ரூபாய். மொத்தம் 3,920, நார்க் கோரைவிட 700 ரூபாய் அதிகம். இழந்த கணக்கு: இரண்டு ரோப் 6,440, இரண்டு முறை மாற்றுக் கூலி 5,000, ரோப் கைடு 11,000, இரண்டு நாள் ஊற்று நின்றதில் சும்மா கொடுத்த சம்பளம் 26,000, மறுபடி காம்பிடன்ட் பெர்சனை (அரசு அங்கீகரித்த சோதனையாளர்) கூப்பிட்டுச் சோதித்ததில் 4,000. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 29-இன்படி தூக்கும் இயந்திரங்களையும் ரோப்பையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அவர் பார்த்தாக வேண்டியிருந்தது. எங்கள் தேதி தாண்டவில்லை, ஆனால் இரண்டு ரோப்பும் அந்த ஒரு வருஷத்துக்குள்ளேயே பிறந்து செத்துவிட்டன. வருடாந்திரச் சோதனையை நம்பி மாதச் சோதனையை விட்டால் இப்படித்தான்.

ஸ்டீல் கோரை மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் வேறு. வெட்டும் முன் வெட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு இடத்தில் கட்டுக்கம்பி சுற்ற வேண்டும், ஒவ்வொரு கட்டும் ரோப் விட்டத்தின் இரண்டு மடங்கு அகலமாவது. இல்லையென்றால் உள்ளே இருக்கும் குட்டி ரோப் நழுவி உள்வாங்கிவிடும், அல்லது பிறகு வளைவில் வெளியே பிதுங்கும். நார்க் கோரைவிட விறைப்பு, அதனால் புல்லிப் பள்ளம் சரியாக இருக்க வேண்டும். எங்கள் ஹூக் பிளாக் புல்லியை மெலிந்த ரோப் ஒன்பது எம்.எம். பள்ளமாக அறுத்து வைத்திருந்தது. புது ரோப் அதில் இறுகிப் பக்கவாட்டில் நசுங்கியிருக்கும். பத்து எம்.எம். ரோப்புக்குப் பள்ளத்தின் ஆரம் 5.3 முதல் 5.5 மி.மீ. இருக்க வேண்டும், தகட்டில் கேஜ் வெட்டி வைத்துப் பார்த்து இரண்டு புல்லியையும் லேத்தில் திருத்தினோம். மாட்டியபின் முழுச் சுமையை உடனே ஏற்றாமல், பத்தில் ஒரு பங்கு சுமையோடு பத்து முறை ஏற்றி இறக்கினோம். அதன்பின் முனைப் பிடிகளை மறுபடி இறுக்க வேண்டும், புது ரோப் அழுத்தத்தில் கொஞ்சம் மெலியும், பிடி தளரும். ஸ்டீல் கோருக்கும் அனல் கெடுதல்தான், கிரீஸை வடித்துவிடும். அதனால் ஹூக் பிளாக்கின் அடியில் மூன்று எம்.எம். தகட்டில் ஒரு குடை தொங்கவிட்டிருக்கிறோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம், செலவு 600 ரூபாய்.

ஹாய்ஸ்ட் பக்கத்துத் தூணில் ஓர் அட்டை தொங்குகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை 5 மீட்டரிலும் 14 மீட்டரிலும் விட்டம், ஒரு முறுக்கின் நீளம், பள்ளத்தில் செந்தூள் உண்டா இல்லையா. அளப்பது ஆபரேட்டர், கையெழுத்தும் அவருடையது. பதினான்காம் மாத வரி: 10.1, 10.0, 63, தூள் இல்லை.